ஐம்பது லிட்டர்

திம்மராயப்பா இரும்புக்கடையில்
செத்த வாஷிங் மெஷின்களுக்கு அடியில் கிடந்தது.
பெங்களூரு பார் ஒன்றின் பீர் பீப்பாய்.
இடுப்பில் ஒரு நசுங்கல்,
லாரியிலிருந்து உருண்டிருக்கும்.
'எவர்சில்வர்மா, கிலோ நூத்திப்பத்து.'
காந்தம் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை.
ஒட்டாததைக் காட்டிக்கொள்ளாமல்
தொண்ணூறுக்குப் பேசி முடித்தேன்.
பதின்மூன்று கிலோ. ஆயிரத்து நூற்றெழுபது.
பாதி அபெனியின் காசு.

அபெனி, வயர் ஹார்னஸ் லைனில்
என் இடப்பக்கத்து மேசை.
நான் முறுக்கிய முனைக்கு அவள் உறை மாட்டுவாள்.
ஒரு நாள் என் அறைக்கு வந்தவள்
அடுப்புக்கு மேலே அண்ணாந்து தேடினாள்.
'மாதி அக்கா, இங்க ஒண்ணும் தொங்காதா?'
ஒரு பல்லி, ஒரு எல்இடி பல்பு.
வோக்காவில் அவள் வீட்டு அடுப்புக்கு மேலே
மாசக்கணக்கில் கறி தொங்குமாம்,
கறுத்து, யாரும் அவசரப்படாமல்.

எங்கள் பாலக்கோட்டுப் பக்கம்
கறியைக் கயிற்றில் கோத்து
வெயில் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவோம்.
ஓசூரில் ஜூலை முழுக்கத் தூறல்.
நான் போட்ட உப்புக்கண்டம்
மூன்றாம் நாள் நீலம் பூத்தது.
வெயிலுக்கு லீவு என்றால்
புகையைத்தான் வேலைக்கு வைக்க வேண்டும்.

அறுப்பதற்கு முன் வால்வை அமுக்கினேன்.
காலி என்றுதான் நினைத்திருந்தோம்.
எந்தப் பிறந்தநாளின் மிச்சமோ,
சீறி வந்து என் முகமெல்லாம் நுரை.
அபெனி வயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டாள்.
ஞாயிறு காலை பத்து மணி.
மாடியிலிருந்து ஹவுஸ் ஓனர் எட்டிப் பார்த்தபோது
கீழே இரண்டு பெண்கள், பீர் வாடை,
ஒருத்தி கையில் கிரைண்டர்.

நாலங்குல பிளேடு மூன்று தேய்ந்தன.
கதவுக்கு அளவெடுத்தவள் நான்தான்,
தோளைச் சுற்றிப் பொறித்திருந்த
ஆங்கில எழுத்தைக் கவனிக்காமல்.
இன்ன கம்பெனியின் சொத்து, திருப்பித் தரவும்.
அறுத்து முடித்தால்
'திருப்பி' கதவில், 'தரவும்' உடம்பில்.
அபெனி ஒவ்வொரு எழுத்தாகத் தடவினாள்.
மூன்று கிறிஸ்துமஸ் ஆகிவிட்டது
அவள் ரயிலேறி.
தேய்த்து அழித்துவிடவா என்றேன்.
வேண்டாம் என்றாள்.

ஜிஐ பைப் கூடாது,
சூடேறினால் துத்தநாகம் விஷம்.
டிராக்டர் புகைக்குழாய் ஒன்றை
வாயளவு வெட்டிப் பற்றவைத்தேன்.
சைக்கிள் ஆரக்கம்பி வளைத்துக் கொக்கி.
காவேரிப்பட்டணத்துத் தோப்பில்
கவாத்து வெட்டிய தோத்தாபுரிக் கிளை அரைமூட்டை,
டவுன் பஸ்ஸில், அதற்கும் ஒரு டிக்கெட்.

முதல் கறி
புதிதாய்ப் போட்ட தார் ரோடு மாதிரி இருந்தது.
விறகு பச்சை.
நான் துப்பினேன். அவள் தின்றுவிட்டு,
இரவெல்லாம் தண்ணீர் குடித்தாள்.

பிறகு இரண்டு வாரம்
எங்கள் கட்டில்களுக்கு அடியில் காய்ந்தது மாங்கிளை.
அதன்மேல் படுத்து நான்
என்னவெல்லாமோ கனவு கண்டேன்,
ஒன்றிலும் கறி இல்லை.

'என்னம்மா புகை?' என்றார் ஓனர்.
'கொசுவுக்கு சார். டெங்கு.'
தலையாட்டினார்.
மத்திகிரியில் வாங்கிய பன்றி வயிற்றுக்கறி
ஆறு மணி நேரம் தொங்கியது.
கதவிடுக்கில் கோதுமை மாவு பூசி அடைத்தோம்.
மாவு சிவந்து வெடித்தது, அதையும் தின்றோம்.

திறந்தபோது நிறம் வந்திருந்தது,
நனைந்த புளியம்பட்டையின் நிறம்.
அபெனி ஒரு துண்டு கிள்ளினாள்.
வாயில் போடவில்லை.
சட்டைக் கையை மூக்கில் வைத்து
நெடுநேரம் நின்றாள்.
அதற்குள் நான் பாதியைத் தின்றிருந்தேன்.
மீதியை மூங்கில் குருத்தோடு வேகவைத்தாள்.
அந்தப் புளிப்பு எனக்கு இன்னும் பழகவில்லை.

திங்கள் காலை ஷிப்ட்டுக்கு
அதே சட்டையில் வந்தாள், துவைக்காமல்.
நான் முனையை நீட்டினேன்,
அவள் உறையை மாட்டினாள்,
மேசைக்கு மேசை மாமரப் புகை.

போன ஞாயிறு எங்களுக்கு ஓவர்டைம்.
இருட்டி வீடு வந்தால்
மாடிப்படியில் ஓனர் உட்கார்ந்திருக்கிறார்.
'ஏம்மா,
இந்த வாரம் கொசுவுக்குப் போடலையா?'